விளக்கு வைக்காத படம்

அக்கா வீட்டு முன்னறையில் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று அத்தானின் தாயாருடையது. அதற்குக் கீழே சிவப்புக் குமிழ் விளக்கு எப்போதும் எரியும், வெள்ளிக்கிழமைகளில் பூமாலையும் விழும். மற்றது எதிர்ச்சுவரில், அலுமாரிக்குப் பக்கத்தில், அவர்களுடைய ஒரே மகனின் படம். அதற்கு விளக்கு இல்லை, மாலை இல்லை, சந்தனப் பொட்டு இல்லை. காலையில் அக்கா சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைப்பாள். அதோடு சரி.

ஒருமுறை நான் ஏதோ நினைவில் ஒரு செவ்வரத்தம்பூவை அந்தப் படத்தின் சட்டத்தில் செருகிவிட்டேன். முற்றத்தில் நெல் அவித்துக்கொண்டிருந்த அக்கா அதை எப்படிக் கண்டாளோ தெரியாது, ஈரக் கையோடு ஓடிவந்து பிடுங்கி வெளியே எறிந்தாள்.

“நாளைக்கு அவன் வந்து நிண்டால் என்னெண்டு முகம் குடுக்கிறது? உனக்குப் பூ வைச்சனாங்கள் எண்டு சொல்லுறதோ?” என்றாள்.

பிறகு பல நாள் என்னோடு கதைக்கவில்லை. பிழை என்னுடையதுதான். எங்கள் பக்கத்தில் காணாமல் போன பிள்ளைக்காகக் காத்திருக்கிற எந்த வீட்டிலும் படத்துக்கு விளக்கு வைப்பதில்லை. அதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. விளக்கு வைத்தால் அவன் செத்துவிட்டான் என்று பெற்றவளே ஒப்புக்கொண்டதாகிவிடும், அவ்வளவுதான்.

மகனை அக்கா கடைசியாகக் கண்டது யுத்தத்தின் கடைசி நாள்களில். சனங்கள் எல்லாம் மூட்டை முடிச்சோடு ஆமிக்காரர் நின்ற பக்கம் கடந்து வந்தபோது, இளம் பெடியன்களைப் புறம்பாக நிறுத்தி ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். அவன் யன்னலால் கையைக் காட்டினான். விசாரித்துவிட்டு விடுவார்கள் என்று சொன்னார்கள். அக்கா அந்தப் பஸ் போன திசையில் நின்றபடியே நின்றாள், அத்தான்தான் இழுத்துக்கொண்டு வந்தார். பிறகு முகாம், பிறகு இலுப்பைக்கடவைப் பக்கம் எங்கள் சொந்தக் காணி, தகரக் கொட்டில், கடைசியில் வீட்டுத்திட்டத்தில் கிடைத்த பூச்சுப் பூசாத கல்வீடு. எல்லாம் திரும்பக் கிடைத்தது, வயல்கூடக் கிடைத்தது. பஸ்தான் திரும்பி வரவில்லை.

நான் அந்த வீட்டுப் பின்னறையில் இருந்தேன். ரோட்டோரம் ஒரு சின்னக் கடை போட்டிருந்தேன். போட்டோக் கொப்பி, கைபேசிக்கு ரீலோட், படம் எடுத்து லமினேட் பண்ணிக் கொடுப்பது. எனக்குக் கலியாணம் சரிவரவில்லை. “மச்சாளுக்குக் கடைதான் புருசன், அதுவும் சத்தம் போடாத புருசன்,” என்று அத்தான் பகிடி பண்ணுவார். கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் தாய்மார். பிள்ளையின் படத்தைப் பெரிதாக்கி, மழையில் நனையாமல் லமினேட் பண்ணிக்கொண்டு ரோட்டோரப் போராட்டத்துக்குப் போவார்கள். அந்தப் படங்களைப் பார்த்துப் பார்த்தே எனக்குக் கோபக்காரி என்று பெயர் வந்தது. கோபப்படாமல் என்ன செய்வது?

அக்காவுக்குக் கைபேசி கொடுத்தவளும் நான்தான். தேடும் குடும்பங்களுக்காக ஒரு குழு இருந்தது, எங்கள் மாவட்டத்துக்காரர்கள் சிலர் வெளிநாட்டில் இருந்து தொடங்கியது. பேசாலை, பள்ளிமுனை, எங்கள் பெருநிலப்பக்கம் என்று பல இடத்துத் தாய்மார் அதில் இருந்தார்கள். எழுதத் தெரியாவிட்டால் குரலிலே சொல்லலாம். அக்கா வயிறெரிந்து சொல்வதை ஊரில் கேட்க ஆளில்லை. எல்லா வீட்டிலும் அதே கதை, யார் யாருக்கு ஆறுதல் சொல்வது? கைபேசியில் சொன்னால் முகம் தெரியாத நாலு பேர் அழுகிற படம் ஒன்று போடுவார்கள். அதுவே அவளுக்குப் பெரிதாக இருந்தது. வீட்டில் கைபேசிக்குச் சிக்னல் சரியாக எடுக்காது, பின்னேரங்களில் குளக்கட்டில் ஏறி நின்று சொல்லுவாள். மகனின் சிரிப்பு, அவனுக்குப் பிடித்த நண்டுக் கறி, சின்ன வயதில் வரம்பில் விழுந்து இடது புருவத்தில் பட்ட வெட்டு, எல்லாம் சொன்னாள்.

அந்தக் குழுவில்தான் அந்தப் பெண் வந்தாள். பெயர் போடவேண்டிய இடத்தில் ‘ஒரு தாய்’ என்று போட்டிருந்தாள். முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு தாமரைப் பூ. நல்ல குரல். நடுவில் நடுவில் மூச்சை இழுத்து நிறுத்துவாள். தானும் வன்னியில் ஒரு மூலையில் தனியாக இருப்பதாகவும், மகனை அதே நாள்களில் அதே இடத்தில் பறிகொடுத்ததாகவும், வெள்ளிக்கிழமை தவறாமல் விரதம் இருப்பதாகவும் சொன்னாள்.

“அக்கா, இண்டைக்குச் சாப்பிட்டியளோ? நீங்கள் சாப்பிட்டால்தான் நானும் சாப்பிடுவன்,” என்று குரல் அனுப்புவாள்.

அக்கா அதைக் கேட்டுவிட்டு உண்மையிலேயே எழும்பிப் போய்ச் சோறு போட்டுச் சாப்பிடுவாள். நானும் அத்தானும் கெஞ்சிக் கூத்தாடியும் நடக்காத காரியம். அதனால் முதலில் எனக்கும் அந்தப் பெண்ணில் ஒரு நன்றி இருந்தது. ஆனால் என் தொழிலே இலக்கம் பார்ப்பது. வன்னியில் இருக்கிறவளின் இலக்கம் வெளிநாட்டு இலக்கமாக இருந்தது. கேட்டதற்குத் தம்பி எடுத்துத் தந்தது என்றாள். இருக்கலாம் என்று விட்டேன்.

அந்த வருசம் அத்தானுக்குச் சிறுநீரகம் பழுதானது. எங்கள் பக்கத்தில் வயல் செய்கிற கமக்காரருக்கு வருகிற வருத்தம்தான். பஸ் ஏறி மன்னாருக்குப் போய் இரத்தம் சுத்திகரித்துக்கொண்டு வருவார், வந்து ஒரு நாள் முழுக்கப் படுத்திருப்பார். முகம் ஊதி, கால் ஊதி, நெல்லுக் காய்கிற முற்றத்தைக்கூடக் கதிரையில் இருந்துதான் பார்த்தார். ஆனால் வாய் குறையவில்லை. “இந்தக் காலைக் கொண்டுபோய் மிதிச்சால் வயலே தாண்டுபோகும் மச்சாள்,” என்பார்.

ஆனி மாதம் ஒரு நாள், அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தபோது அவர் பகிடி விடவில்லை.

“இஞ்சரப்பா, ஒண்டு கேப்பன், கோவிக்கக் கூடாது,” என்றார். “வாற ஆடி அமாவாசைக்குப் பாலாவிக்குப் போவம்.”

திருக்கேதீச்சரத்துப் பாலாவித் தீர்த்தத்தில்தான் எங்கள் ஆட்கள் செத்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பார்கள். செத்த நாள் தெரியாதவர்களுக்கு ஆடி அமாவாசைதான் நாள். அத்தான் யாரைச் சொல்கிறார் என்று அக்காவுக்கு உடனே விளங்கிவிட்டது. தேத்தண்ணிக் கோப்பையைத் திருப்பி எடுத்தாள்.

“அவன் இருக்கிறான்,” என்றாள்.

“இருந்தால் சந்தோசம். வந்து என்னைப் பேசட்டும், அப்பா எனக்கு உயிரோடையே எள்ளுத்தண்ணி இறைச்சவர் எண்டு. ஆனால் இல்லாமல் போயிருந்தால்? இத்தனை வருசமாய் ஒரு வாய் தண்ணி இல்லாமல் அலையிறான். எனக்குக் கொள்ளி வைக்கவேண்டியவனுக்கு நான் செய்யிறது தலைகீழ்தான். எண்டாலும் என்ரை கையாலை செய்துபோட்டுப் போனால் எனக்கு நிம்மதி. நான் போனால் அவனுக்கு ஆர் செய்வினம்? நீர் செய்யமாட்டீர். பொம்பிளையளை அதுக்கு விடவும் மாட்டினம்.”

 மூன்று பேரும் அந்தக் கிழமை முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டோம். பிறகு ஒரு காலையில் அவள் படத்தைத் துடைத்துவிட்டு, துடைத்த கையோடு என்னிடம் வந்து, “பாலாவிக்கு என்ன சாமான் கொண்டுபோகவேணும் எண்டு ஐயரிட்டைக் கேட்டு வை,” என்றாள். குரல் தாயின் குரலாக இல்லை, அரசாங்கக் கந்தோரில் கதைக்கிற குரலாக இருந்தது. அவளுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். மனுசனுக்காகத் தன் நெஞ்சைத் தானே பிளந்துகொண்டாள் என்றுதான் சொல்லவேண்டும்.

எள்ளு, தர்ப்பை, பச்சரிசி, வாழைக்காய் என்று எல்லாம் சேர்த்தேன். ஓட்டோவும் பேசி வைத்தேன். அக்கா அந்தச் செய்தியைக் குழுவில் சொல்லி அழுதாள். சொல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் அவளுக்கு அழ வேறு எந்த இடம் இருந்தது? அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னம், குளக்கட்டில் நின்றவள் ஓட்டமாக வந்தாள். மூச்சு வாங்கியது, ஆனால் முகம் பல வருசத்துக்குப் பிறகு முகமாக இருந்தது.

“கேளடி இதை,” என்று கைபேசியை என் கையில் தந்தாள்.

அந்தப் பெண்ணின் குரல். “அக்கா, பாலாவிக்குப் போகாதேங்கோ. முகாமிலை இருந்து வந்த ஒரு பெடியன் இண்டைக்கு என்னட்டை வந்தவன். என்ரை பிள்ளையைக் கண்டவனாம். பக்கத்திலை இலுப்பைக்கடவைப் பக்கத்துப் பெடியன் ஒருத்தனும் இருந்தவனாம். இடது புருவத்திலை வெட்டுக்காயமாம். அக்கா, உங்கடை பிள்ளைதான் அக்கா.” பிறகு அந்த மூச்சு, பிறகு விம்மல்.

“அக்கா, புருவத்து வெட்டை நீதானே குழுவிலை சொன்னனி,” என்றேன். “நீ சொன்னதைத்தான் அவள் திருப்பிச் சொல்லுறாள். ஆர் அந்தப் பெடியன்? எந்த முகாம்? கேட்டுச் சொல்லச் சொல்லு.”

“கேட்டனான். அவன் பயத்திலை பேர் சொல்ல வேண்டாமெண்டவனாம்.”

“இத்தனை வருசம் இல்லாமல் பாலாவிக்குப் போகேக்கைதான் அந்தப் பெடியன் வாறானோ?”

“உனக்குப் பிள்ளை இல்லை,” என்றாள் அக்கா. “உனக்கு விளங்காது.”

 அந்தச் சொல் சுட்ட இடம் இன்றைக்கும் ஆறவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அத்தான் கதிரையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு வெளிச்சத்தை அந்த முகத்தில் கண்ட மனுசன் என்ன சொல்லுவார்?

“சரி, அடுத்த வருசம் பாப்பம்,” என்றார். “எள்ளை உருண்டை பிடிச்சுத் தாங்கோ, சும்மா ஏன் பழுதாக்கிறது.”

அக்கா உண்மையாகவே எள்ளுருண்டை பிடித்தாள். அத்தானுக்கு வைத்தியர் மறுத்த சாமான், ஒன்று எடுத்துக் கடித்தார். அமாவாசை அன்றைக்கு ஊரே பாலாவிக்குப் போனது. நாங்கள் வீட்டில் இருந்தோம்.

அத்தான் கார்த்திகையில் போய்விட்டார். மழை விட்டிருந்த ஒரு மத்தியானம், ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பி வந்து, கதிரையில் இருந்தபடியே. கடைசியாக என்னிடம் கேட்டது வயலில் தண்ணி நிற்கிறதா என்றுதான்.

செத்தவீட்டில் ஐயர் கிரியை தொடங்க முதல், “மகன் ஆர்? தலைமயிர் இறக்க வரச் சொல்லுங்கோ,” என்றார். அவர் வேற்றூர், எங்கள் கதை தெரியாது. பந்தலில் இருந்த அத்தனை பேரும் நிலத்தைப் பார்த்தார்கள். பெண்கள் பக்கம் இருந்து அக்கா எழும்பி வந்தாள்.

“மகன் இருக்கிறான் ஐயா. வர ஏலாத இடத்திலை இருக்கிறான். அவனுக்குப் பதிலாய் இவர் செய்வார்,” என்று அத்தானின் தம்பி மகனைக் காட்டினாள்.

ஐயர் அந்தப் பிள்ளையின் விரலில் தர்ப்பையைப் போட்டு, மகனுக்காகச் செய்கிறேன் என்று சொல்லச் சொன்னார். அவன் சொன்னான். சொல்லும்போது அவன் குரல் நடுங்கியதில், பறை அடித்தவர்கள்கூட ஒரு கணம் நிறுத்தினார்கள். அக்கா மட்டும் நிமிர்ந்து நின்றாள். அவள் கையில் கைபேசி இருந்தது.

செத்தவீட்டுப் படங்களை யாரோ குழுவில் போட, அந்தப் பெண் குரல் மேல் குரலாக அனுப்பினாள். “அண்ணா போயிட்டாரே, இனி எனக்கு ஆர்,” என்று அவள் அழுத அழுகையில் வெளிநாட்டுக்காரர் எல்லாரும் அவளைத்தான் தேற்றினார்கள். சகோதரி, உடம்பைப் பாருங்கள் என்று. அத்தானை அவள் வாழ்க்கையில் கண்டதில்லை. எங்கள் வீட்டுச் சாவிலும் பெரிய கதிரை அவளுக்குத்தான் போட்டார்கள். எனக்குப் பற்றி எரிந்தது, ஆனால் வெள்ளைச் சேலை கட்டியிருக்கிற அக்காவிடம் அதைப் போய் எப்படிச் சொல்வது?

தை மாதம், அரிவி வெட்டு முடிந்து வெறித்துக் கிடந்த வயலைப் பார்த்தபடி அக்காவும் நானும் வாசல் படியில் இருந்து புளி உடைத்துக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தோம். கைபேசி சத்தம் கேட்டது. கண்ணாடி போடாமல் அக்காவுக்குத் தெரியாது, என்னிடம் நீட்டினாள். அந்தப் பெண் ஒரு படம் போட்டிருந்தாள். அதற்கு மேல் எழுத்து: ‘இன்று என் செல்லத்தின் பிறந்தநாள். இன்றும் வாசலைப் பார்த்தபடி காத்திருக்கிறேன். நீ வருவாய் மகனே.’

நான் வாசித்துக் காட்டினேன். அக்கா கண்ணைத் துடைத்தாள்.

“பிள்ளையின்ரை முகத்தைக் காட்டு. இவ்வளவு நாளும் அவள் காட்டினதில்லை.”

படத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். சுவரில் ஒரு பெடியனின் படம். மீசை அரும்புகிற வயது, ஒரு பக்கத் தோள் கொஞ்சம் தாழ்ந்து, பள்ளிக்கூட அட்டைக்கு எடுத்த படம்போல. படத்தைச் சுற்றி மல்லிகை மாலை. கீழே குத்துவிளக்கு, ஐந்து முகமும் ஏற்றி. ஒரு தட்டில் கேக்குத் துண்டு.

கீழே அழுகிற முகங்கள் நிறைந்து வந்துகொண்டிருந்தன. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைக் கிட்டப் பிடித்தாள், தள்ளிப் பிடித்தாள். மடியில் இருந்த புளியங்கொட்டை எல்லாம் படியில் சிந்தியது.

“மாலை போட்டிருக்கிறாள்,” என்றாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“வாசலைப் பாத்துக்கொண்டிருக்கிறனெண்டு சொல்லிக்கொண்டு மாலை போட்டு விளக்கு ஏத்தியிருக்கிறாளடி. பெத்தவள் செய்வாளோ?” அக்காவின் உதடு வெளிறியிருந்தது. “இவள் இந்தப் பிள்ளையைப் பெத்தவள் இல்லை. இவள் ஒருத்தருக்கும் காத்திருக்கேல்லை. ஒரு நாளும் காத்திருக்கேல்லை.”

அந்தக் குழுவில் இருந்த படித்தவர்களுக்கும் சட்டத்தரணிகளுக்கும் இது கண்ணில் படவில்லை. எல்லாரும் அழுதுகொண்டிருந்தார்கள். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்குப் படத்துக்கு மாலை போடுவது துக்கத்தின் அடையாளம், அவ்வளவுதான். அக்காவுக்கு அது ஒரு பெண் தன் பிள்ளையைத் தன் கையால் கொல்வது.

பிறகு அவளுக்கு மற்றது விளங்கியது. அது விளங்கிய கணத்தை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது. “புருவத்து வெட்டு,” என்றாள். “முகாமிலை இருந்து வந்த பெடியன்.” பிறகு எழும்பி உள்ளே போய் அத்தானின் வெறும் கதிரைக்கு முன்னால் நிலத்தில் இருந்து தலையில் அடிக்கத் தொடங்கினாள்.

“கேட்டவரே, என்ரை மனுசன் கேட்டவரே. ஒண்டே ஒண்டுதானே கேட்டவர். எள்ளை உருண்டை பிடிச்சுத் தின்னக் குடுத்தன்.”

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வேறு என்ன செய்ய முடியும்?

அடுத்த நாள் கடையைப் பூட்டிவிட்டு இருந்தேன். குழுவில் இருந்த மற்றத் தாய்மாருக்கு ஒவ்வொருவராகக் கைபேசியில் எடுத்தேன். பேசாலையில் வலை பின்னுகிற ஒரு அம்மா, கத்தோலிக்க வேதக்காரி. அவவிடம் அந்தப் பெண் தானும் வேதம் என்றும், செபமாலையோடுதான் படுக்கிறதென்றும், தொலைத்தது மகளை என்றும் சொல்லியிருந்தாள். அந்த அம்மா தொலைத்ததும் மகளைத்தான். பள்ளிமுனையில் ஒருத்திக்குப் புருசனைக் காணவில்லை, அவளிடம் புருசன். ஆருக்கு எது காணாமல் போனதோ அது அவளுக்கும் காணாமல் போயிருந்தது. ஒருவரிடமும் ஒரு சதம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கள்ளி என்று விட்டிருப்பேன், எனக்கும் விளங்கியிருக்கும். சாப்பிட்டீர்களா என்று கேட்பதற்கும், சாப்பிடு என்று சொல்லக் கேட்பதற்குமாக ஒரு மனுசி இவ்வளவு பொய்யைக் கட்டுவாள் என்றால் அவள் எப்படிப்பட்ட வீட்டில், எப்படிப்பட்ட வெறுமையில் இருக்கிறாள் என்று இப்போது சில நேரம் யோசிக்கிறேன். அன்றைக்கு யோசிக்கவில்லை. அன்றைக்குக் கிடைத்திருந்தால் கழுத்தை நெரித்திருப்பேன்.

பேசாலை அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். “பிள்ளை, இதை எனக்குச் சொல்லாமல் விட்டிருக்கலாம்,” என்றா. “அவள்தான் என்னோடை பின்னேரத்திலை செபம் சொல்லுறவள்.”

நான் குழுவில் எழுதினேன். நாக்கில் வந்ததெல்லாம் எழுதினேன். நடத்துகிறவர் வெளிநாட்டில் இருந்து பதில் போட்டார். பாதிக்கப்பட்ட ஒரு தாயின் மனத்தைப் புண்படுத்தியதற்காக என்னைக் குழுவில் இருந்து நீக்குவதாகவும், ஒற்றுமைதான் எங்கள் பலம் என்றும். சொன்னபடி நீக்கினார். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் நிறுத்த முடியாது என்று தெரிந்ததால் சிரிக்கவில்லை.

அக்கா இன்னும் குழுவில் இருந்தாள். அவளுடைய கைபேசியை வாங்கி, அந்தப் பெண்ணுக்கு நேரே குரல் அனுப்ப நான் வாயெடுத்தேன். அக்கா கையை நீட்டினாள்.

“தா. நான் சொல்லுறன்.”

நான் கொடுத்தேன். ஏசப் போகிறாள், மண் அள்ளித் தூற்றப் போகிறாள் என்று நினைத்தேன். எங்கள் சனம் வயிறெரிந்து சாபம் போட்டால் கேட்க ஏலாது. அக்கா கைபேசியை வாயருகே வைத்து, அவளோடு வழமையாகப் பேசுகிற அதே தணிந்த குரலில் சொன்னாள்.

“தங்கச்சி, நீ ஆரோ எவரோ எனக்குத் தெரியாது. அது உன்ரை பிள்ளை இல்லை எண்டு தெரியும். ஆரின்ரையோ பிள்ளை. அவனைப் பெத்தவள் எங்கையோ இருப்பாள். அந்த மாலையைக் கழட்டிப்போடு. விளக்கை நூத்துப்போடு. உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறன்.”

அவள் கேட்டுவிட்டாள் என்பதற்கு நீல அடையாளம் வந்தது. கொஞ்ச நேரத்தில் தாமரைப் பூ மறைந்து வெறும் சாம்பல் வட்டமாகியது. அதற்குப் பிறகு அந்த இலக்கம் வேலை செய்யவே இல்லை.

அக்கா ஒரு கிழமைக்குப் பிறகு கடைக்கு வந்தாள். அந்தப் படம் அவளுடைய கைபேசியில் இருந்தது.

“இதிலை மாலையும் விளக்கும் தெரியாமல் வெட்டித் தா,” என்றாள். “பெரிசாக்கி, லமினேட் பண்ணித் தா.”

“அக்கா, உனக்கென்ன விசரே? எங்கையோ களவெடுத்த படம் இது. இந்தப் பெடியன் இப்ப எங்கையோ வேலை செய்துகொண்டு, கலியாணம் கட்டிக்கொண்டு இருப்பான்.”

“அப்பிடியெண்டால் நல்லதுதானே. இருக்கட்டும். இல்லாட்டி? ஆரும் கண்டு, இது எங்கடை பிள்ளை எண்டு சொல்லுவினம்.”

வெட்டினேன். மாலை இரண்டு காதுவரைக்கும் வந்திருந்தது, முகம் மட்டும்தான் மிஞ்சியது. விளக்கின் வெளிச்சம் கண்ணாடியில் பட்டு அவன் கன்னத்தில் ஒரு மஞ்சள் பொட்டாக விழுந்திருந்தது. அதை மட்டும் என்னால் எடுக்க முடியவில்லை. ரோட்டோரப் போராட்டத்துக்கு அக்கா இப்போது இரண்டு படத்தோடு போனாள். மற்றவன் ஆர் என்று கேட்டவர்களுக்குத் தெரியாது என்று சொன்னாள். வீட்டில் அலுமாரிக்குப் பக்கத்துச் சுவரில் மகனுக்குப் பக்கத்தில் அவனையும் மாட்டினாள். அத்தான் எதிர்ச்சுவரில், தாயாருக்குப் பக்கத்தில், சிவப்பு விளக்குக்கு மேலே போய்விட்டார்.

அந்த வருச ஆடி அமாவாசைக்கு அத்தானுக்கு இறைக்கப் பாலாவிக்குப் போனோம். அத்தானின் தம்பி மகன்தான் மறுபடியும் மகனுடைய இடத்தில் இருந்தான். படித்துறையில் சனம் முட்டி வழிந்தது, எள்ளும் பூவும் தண்ணீரில் படை படையாகக் கிடந்தன. கிரியை முடிகிற நேரம் ஐயர் வழமைபோல, “வேறை ஆருக்கும் இறைக்க இருக்கோ?” என்று கேட்டார்.

தம்பி மகன் எழும்பப் பார்த்தான். “பொறு,” என்றாள் அக்கா.

 அவள் மகனின் பெயரைச் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். சொல்லட்டும் என்றும் இருந்தது, சொல்லக் கூடாது என்றும் இருந்தது. ஐயர் கையில் எள்ளோடு காத்திருந்தார்.  அக்கா தண்ணீருக்குள் இருந்த தம்பி மகனின் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெள்ளைக் கை, நகம் வெட்டிய கை, வயலில் இறங்காத கை.

“ஒண்டுமில்லை ஐயா,” என்றாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்தில் இருந்து கேட்டேன். “பொறு எண்டு சொன்னனி. பிறகேன் விட்டனி?”

அவள் மடியில் வைத்திருந்த பையை இறுக்கிப் பிடித்தாள். அதற்குள் இரண்டு படமும் இருந்தன, கொண்டுவந்திருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் தெரியும்.

“உன்ரை அத்தான் தன்ரை கையாலை செய்யவேணுமெண்டு கேட்டவர்,” என்றாள். “ஆற்றையோ கையாலை இறைக்கிறதுக்கு என்ரை பிள்ளை நாதியில்லாதவனே? அந்தக் கை போயிட்டுதடி. இனி நான் விரும்பினாலும் அவனைச் சாகவிட ஏலாது.”

பஸ் எங்கள் ரோட்டுக்குத் திரும்பியது. நான் கடைக்கு முன்னால் இறங்கவேண்டும், இறங்காமல் அவளோடு வீடுவரைக்கும் போனேன்.